சிறைக்கு வெளியே முதல் இரண்டு வாரம்

இந்தியாவில் ஒருவர் சிறைக்குள் இறந்தால் அந்தச் சாவுக்குக் கணக்கு உண்டு. 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும் என்பது 1993 முதல் உள்ள ஏற்பாடு. மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கும், பிரேதப் பரிசோதனை நடக்கும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறைப் புள்ளிவிவரத்தில் அது ஓர் எண்ணாக ஏறும். 2022இல் அப்படி ஏறியவர்கள் 1,995 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயால் இறந்தவர்கள். அதே மனிதர் ஜாமீன் கிடைத்து வெளியே வந்து, கையில் மாத்திரை இல்லாமல், பத்தாம் நாள் இறந்துபோனால் எந்தப் பதிவேடும் அதைச் சிறையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. விடுதலையை நாம் சட்ட விஷயமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். நோயோடு இருக்கும் கைதிக்கு அது சிகிச்சை கைமாற வேண்டிய நாள். அந்தக் கைமாற்றத்துக்கு ஆள் வைக்காத அரசு, உள்ளே செலவழித்த வைத்தியத்தையும் சேர்த்து வீணடிக்கிறது என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

இது வெறும் ஊகம் இல்லை என்று காட்டிய ஆய்வு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வந்தது. இங்கிரிட் பின்ஸ்வாங்கர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் செய்த வேலை கேட்க எளிமையானது: 1999 ஜூலை முதல் 2003 டிசம்பர் வரை அந்த மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்த 30,237 பேரின் பட்டியலை எடுத்து, நாட்டின் இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவு வெளியானது. விடுதலையானவர்களின் இறப்பு விகிதம் அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிட மூன்றரை மடங்கு. முதல் இரண்டு வாரங்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 12.7 மடங்கு. போதைப்பொருளை அளவு மீறி எடுத்ததால் வந்த சாவு அந்த இரு வாரங்களில் 129 மடங்கு. சிறைக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்கள், போதைக்குப் பழகியவர்கள், அதனால்தான் சாகிறார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியுமா? முடியாது. மூன்றாம் வாரத்திலும் அவர்கள் அதே மனிதர்கள்தான், உடம்பும் பழக்கமும் அதேதான். ஆனால் ஆபத்து இறங்கிவிடுகிறது. அப்படியானால் கொல்வதில் ஒரு பங்கு அந்த நாட்களுக்கே உரியது. 2024இல் லான்செட்டில் வந்த பெரிய ஆய்வு எட்டு நாடுகளில் விடுதலையான 14.7 லட்சம் பேரைப் பின்தொடர்ந்தது. அதிலும் முதல் வாரத்தில்தான் இறப்பு விகிதம் உச்சத்தில் இருந்தது.

போதை மரணங்களுக்கான காரணம் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருட்களுக்கு உடம்பு பழகப் பழக, அதே மயக்கத்துக்கு அதிக அளவு தேவைப்படும். சிறையில் சில மாதம் இல்லாமல் இருந்தால் அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போய்விடும், மனதை விட்டுப் போகாது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். மற்ற நோய்களின் கதை இவ்வளவு நாடகத்தனமாக இருக்காது. உள்ளே இருந்தவரை சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சிறை மருத்துவமனையிலிருந்து கைக்கு வந்துகொண்டிருந்தன. சாப்பாட்டு நேரம் மாறாது. மருந்தின் பெயர்கூடத் தெரிந்திருக்க அவசியம் இல்லை, வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை ஒன்று என்றால் போதும். வாசலுக்கு வெளியே வந்த நிமிடம் இதெல்லாம் அவர் பொறுப்பாகிவிடுகிறது. கையில் சீட்டு இல்லை, பலருக்குப் போன் இல்லை, சிலருக்குப் போக வீடு இல்லை. கட்ட வேண்டிய கடன், திரும்பச் சேர்த்துக்கொள்ளாத முதலாளி, அடுத்த வாய்தா என்று தலைக்கு மேல் நிற்கும் கவலைகளுக்கு நடுவே மாத்திரை கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

டெக்சாஸ் மாநிலத்தில் எச்ஐவி உள்ளவர்களை வைத்து நடந்த ஆய்வு இந்த இடைவெளியை மிகத் துல்லியமாக அளந்தது. 2004 முதல் 2007 வரை, உள்ளே ஏஆர்டி எனப்படும் கூட்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்த 2,115 பேர் அங்கே விடுதலையானார்கள். கையில் பத்து நாள் மருந்து கொடுத்து அனுப்புவது அந்த மாநில வழக்கம். அந்தப் பத்து நாளுக்குள் வெளியே மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்து அடுத்த மருந்தை வாங்கியவர்கள் நூற்றுக்கு 5.4 பேர். முப்பது நாளுக்குள் வாங்கியவர்கள் 17.7 பேர். இரண்டு மாதம் ஆனபோதும் முப்பது பேரைத் தாண்டவில்லை. எச்ஐவி மருந்தை இடையில் விட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. உள்ளே இருந்தபோது ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்கள்தான். இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு தகவல். மலிவு விலை மருந்துத் திட்டத்துக்கான விண்ணப்பத்தை நிரப்ப யாராவது உதவியிருந்தால், அவர் மருந்து வாங்கியிருக்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடியிருந்தது. புது மருந்தும் இல்லை, புது மருத்துவரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்பிய ஆள், அவ்வளவுதான். "இவர்களுக்கு உடம்பைப் பற்றி அக்கறை இல்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்த ஒரு விவரத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தடுக்க முடியுமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. ரோட் ஐலண்ட் என்ற சிறிய அமெரிக்க மாநிலம் 2016இல் தன் சிறைகள் முழுவதிலும் மெத்தடோன், புப்ரினார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் ஆகிய மூன்று போதை மீட்பு மருந்துகளையும் தரத் தொடங்கியது. வெளியே போகிறவர்களை ஊரில் உள்ள சிகிச்சை நிலையங்களோடு இணைத்தது. 2016இன் முதல் ஆறு மாதத்தில், அண்மையில் சிறையிலிருந்து வந்து அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் 26 பேர். 2017இன் அதே ஆறு மாதத்தில் 9 பேர். சிறிய எண்கள்தான், ஓராண்டு ஒப்பீடுதான் என்று யாராவது சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆனால் இங்கிலாந்தின் 39 சிறைகளில் 12,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2017இல் வெளியான ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. அங்கே சிறையில் அபின் வகைப் போதைக்கு மாற்று மருந்து பெற்றவர்களிடையே, வெளியே வந்த முதல் நான்கு வாரத்தில் இறப்பு, பெறாதவர்களைவிட 75 சதவீதம் குறைவு. ஸ்காட்லாந்து 2011 முதல், மயங்கிக் கிடப்பவரை மீட்கும் நலாக்ஸோன் மருந்தைச் சிறையிலிருந்து போகிறவர்கள் கையிலேயே கொடுத்தனுப்புகிறது. அங்கே அபின் வகை மரணங்களில், சிறையிலிருந்து வந்து நான்கு வாரத்துக்குள் நேர்ந்தவற்றின் பங்கு 9.8 சதவீதத்திலிருந்து 6.3 சதவீதமாக இறங்கியது.

மருந்தைக் கையில் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை 2006இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டிரான்சிஷன்ஸ் கிளினிக் காட்டியது. எமிலி வாங், ஷிரா ஷாவிட் என்ற இரு மருத்துவர்கள் தொடங்கிய ஏற்பாடு அது. சிறையிலிருந்து வந்தவர்களை அழைத்து வந்து சேர்க்கும் சுகாதாரப் பணியாளராக, தானே ஒரு காலத்தில் சிறையில் இருந்தவரை நியமித்தார்கள். இதை வெறும் கருணை என்று பார்த்தால் தவறு. தொழில் ரீதியாகவே அது சரியான தேர்வு. பேருந்துக்குக் காசு இல்லை, அடையாள அட்டை தொலைந்துவிட்டது, டாக்டரிடம் எங்கே இருந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்பதையெல்லாம் அவரிடம் விளக்க வேண்டியதே இல்லை. 200 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இந்தக் கிளினிக்குக்கும் மறுபாதியை வழக்கமான ஆரம்ப சிகிச்சைக்கும் அனுப்பிப் பார்த்தபோது, கிளினிக்குக்கு வந்தவர்கள் அவசரப் பிரிவுக்கு ஓடுவது கணிசமாகக் குறைந்தது. இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதே முறையில் கிளினிக்குகள் இயங்குகின்றன.

இவ்வளவு ஆராய்ச்சி அமெரிக்காவிலிருந்தே வருவதற்கு அந்த நாட்டின் வினோதமான சட்ட நிலையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டை 1965இல் உருவாக்கியபோதே, சிறையில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்று எழுதிவைத்தார்கள். 1976இல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம், கைதியின் கடுமையான நோயை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது அரசியலமைப்புக்கு எதிரானது என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இது: சிறையில் இருக்கும்வரை மருத்துவம் அவருடைய அரசியலமைப்பு உரிமை, காப்பீடு கிடையாது, வெளியே வந்தால் அந்த உரிமை போய்விடும், காப்பீட்டுக்குப் பலர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பம் கைகூடும்வரை அவர்களுக்கு இரண்டும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க கலிபோர்னியா 2023 ஜனவரியில் முதல் மாநிலமாக அனுமதி பெற்றது. விடுதலைக்கு முந்தைய 90 நாட்களில் குறிப்பிட்ட சேவைகளை மெடிகெய்ட் ஏற்கும், போகும்போது கையில் மருந்தும் தரப்படும். இங்கிலாந்தில் தேசிய சுகாதாரச் சேவையின் ரீகனெக்ட் திட்டம் விடுதலைக்குப் பன்னிரண்டு வாரம் முன்பே ஆரம்பித்து, வெளியே ஆறு மாதம்வரை கூட வருகிறது. வெள்ளிக்கிழமை மாலை விடுதலையானால் கிளினிக்கும் வீட்டு வசதி அலுவலகமும் திங்கள்வரை மூடியிருக்கும் என்பதால், ஓரிரு வேலை நாள் முன்னதாகவே விடுவிக்க அங்கே 2023இல் தனிச் சட்டமே வந்தது. கிழமையைப் பற்றி ஒரு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதே என்று சிரிக்கலாம். இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தவருக்கு அது சிரிப்பாக இருக்காது.

இந்த எண்களை அப்படியே தூக்கி இந்தியாவில் பொருத்த முடியாது. நம் சிறைகளில் பெரும்பாலானவற்றில் முதன்மைச் சிக்கல் ஹெராயின் அல்ல. காசநோய், எச்ஐவி, சர்க்கரை, ரத்த அழுத்தம், குடி, மனநோய் என்பதுதான் இங்குள்ள வரிசை. காசநோய்க்கு ஆறு மாத மருந்து. நான்காம் மாதம் வெளியே போய் நிறுத்திவிட்டால் நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம், வீட்டில் உள்ள குழந்தைக்கும் போகலாம். ஆனால் மேலைநாட்டு முறைகளிலிருந்து நாம் விலகி நிற்கும் பெரிய இடம் நோய்ப் பட்டியல் அல்ல, தேதி. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நான்கில் மூவர். அவர்கள் எந்த நாளில் வெளியே போவார்கள் என்று சிறைக் கண்காணிப்பாளருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. காலையில் வேனில் கோர்ட்டுக்குப் போவார். ஜாமீன் உத்தரவு வந்துவிட்டால் அன்று மாலையோ மறுநாளோ ஆள் இருக்கமாட்டார். 90 நாள் முன்னதாகத் தயார்படுத்தும் கலிபோர்னியாத் திட்டத்தை இவர்களுக்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது?

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் உத்தரவின் நகலை அதே நாளிலோ மறுநாளிலோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னது. ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே கிடப்பவர்களை நினைத்து எடுத்த நல்ல முடிவு. ஒருவருடைய சிகிச்சைச் சீட்டு தயாராகவில்லை என்பதற்காக ஒரு மணி நேரம்கூட அவரைக் கூடுதலாகப் பிடித்துவைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் மருத்துவமே இன்னொரு பூட்டாகிவிடும். ஆகவே இந்தியாவில் விடுதலைக்கான மருத்துவத் தயாரிப்பு உள்ளே நுழையும் நாளிலேயே தொடங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வழி இல்லை. முதல் பரிசோதனையிலேயே நோய், மருந்து, அளவு, வீட்டுக்கு அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர் எல்லாம் எழுதிய அட்டை அவர் பெயரில் இருக்க வேண்டும். மருந்து மாறும்போதெல்லாம் அட்டையும் மாற வேண்டும். ஒரு மாத மாத்திரை கட்டி வாசலருகே தயாராக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியும், சில நாள் மருந்தும், திரும்ப வர வேண்டிய தேதியும் கொடுத்து அனுப்புகிறார்கள். அதைப் பெறாமல் யாராவது வந்தால் நாம் சண்டை போடுவோம். அந்த அளவுக்குச் சாதாரணமான ஒன்றைத்தான் இங்கே கேட்கிறோம்.

தமிழ்நாட்டுக்கு இது மற்ற மாநிலங்களைவிட எளிது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். புழலிலிருந்தோ பாளையங்கோட்டையிலிருந்தோ வெளியே வருகிறவரின் பெயர் அவருடைய ஊர்ப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இலவச ஏஆர்டி 2004இல் நாட்டில் தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் மருத்துவமனை. ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியை மாற்றும் முறை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. காசநோய்க்கு நிக்‌ஷய் இணையப் பதிவு நாடு முழுவதும் ஒன்றுதான். மனநலத்துக்கு மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநல நிலையம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 103ஆம் பிரிவு சொல்கிறது. ஐ.நா. 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆம் விதி, சிறை மருத்துவம் பொதுச் சுகாதாரத் துறையோடு நெருங்கி, சிகிச்சை தொடர்வதை உறுதிசெய்ய வேண்டும் என்று கேட்கிறது. மருந்து இருக்கிறது, வலைப்பின்னல் இருக்கிறது. ஒரு துறையின் நோயாளியை இன்னொரு துறையின் கையில் ஒப்படைப்பது தன் வேலை என்று சம்பளம் வாங்கும் ஆள்தான் இல்லை. பின்ஸ்வாங்கர் செய்தது போல விடுதலைப் பட்டியலையும் இறப்புப் பதிவேட்டையும் ஒப்பிடவும் இங்கே பெரிய செலவு ஆகாது. இரண்டும் அரசிடமே இருக்கின்றன.

குற்றம் செய்யாத ஏழைக்கே சரியான வைத்தியம் கிடைக்காத நாட்டில் இவர்களுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று கேட்பார்கள். கோபம் புரிகிறது. ஆனால் இங்கே கேட்பது குற்றம் செய்யாத ஏழைக்கு ஏற்கெனவே உள்ள அதே மாத்திரை, அதே ஆரம்ப சுகாதார நிலையம். முன்வரிசை எதுவும் இல்லை. அதோடு, நான்கில் மூவர் இன்னும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகாதவர்கள். பொதுப் பாதுகாப்பை நினைத்துக் கவலைப்படுகிறவர்களுக்கு ஸ்வீடனில் 22,275 பேரை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வைக் காட்டலாம். விடுதலையானவர்கள் மனச்சிதைவு மருந்தைத் தொடர்ந்து எடுத்த காலங்களில், எடுக்காத காலங்களைவிட அவர்கள் வன்முறைக் குற்றத்தில் இறங்குவது 42 சதவீதம் குறைவாக இருந்தது. மாத்திரையை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மருந்து எடுக்கும் காலத்தில் வாழ்க்கையும் கொஞ்சம் ஒழுங்காக இருந்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், சிகிச்சை அறுந்துபோவதால் ஊருக்கு நன்மை என்று யாரும் வாதிட முடியாது.

சிறைத்துறையின் முனகலிலும் உண்மை உண்டு. கூட்டம் கொள்ளளவைத் தாண்டி நிற்கிறது, டாக்டர் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன, காவல் பணியாளர்களை மருத்துவச் சீட்டு எழுதச் சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டாம். நார்வே 1980களின் இறுதியிலேயே சிறை மருத்துவத்தை உள்ளூர் சுகாதார நிர்வாகத்திடம் விட்டது. இங்கிலாந்து 2006இல் அந்த மாற்றத்தை முடித்தது. டாக்டர் சுகாதாரத் துறையின் ஆளாக இருந்தால், வெளியே போகிறவர் அவருக்கு இடம் மாறும் நோயாளி. கணக்கிலிருந்து கழியும் ஆள் அல்ல.

எனக்குக் கடினமாகப் படும் ஆட்சேபம் கைதிகளின் பக்கமிருந்து வருவது. சிறையை மறக்க விரும்புகிறவர் வீட்டுக்கு மாதாமாதம் ஒருவர் மருந்தோடு வந்தால் தெரு முழுக்கக் கதை பரவும். எச்ஐவி, மனநோய் என்றால் இன்னும் மோசம். பெண்களுக்கு அதைவிடவும். உதவி என்ற பெயரில் இன்னொரு கண்காணிப்பு முளைத்துவிடும், போலீஸ் கேட்டால் முகவரியும் போய்விடும் என்ற பயம் வீண் பயம் அல்ல. எச்ஐவி நிலையை ஒருவரின் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டம் சொல்கிறது. அந்தக் காப்பு எல்லா நோய்க்கும் இங்கே பொருந்த வேண்டும். அட்டையில் சிறையின் பெயரோ முத்திரையோ கைதி எண்ணோ இருக்கக் கூடாது, சுகாதாரத் துறையின் சாதாரண அட்டையாகவே இருக்கலாம். வீட்டுக்கு வர வேண்டுமா, தானே போய் வாங்கிக்கொள்வாரா, வேறு ஊர் மையம் வேண்டுமா என்பதை அவரிடமே கேட்டு எழுத வேண்டும். எதுவும் வேண்டாம் என்றாலும், ஒரு மாத மருந்தையும் அட்டையையும் கையில் கொடுத்து, மனம் மாறினால் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தால் போதும்.